தலைமேல் அமர்ந்த சிறிய எண்: அடுக்குக் கணக்கைப் புரிந்துகொள்வோம்



சென்ற மாதம் ஒரே வாரத்தில் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள்.

முதலில் வந்தது எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன். காலாண்டுத் தேர்வில் கணக்கில் மதிப்பெண் குறைந்துவிட்டது. வாப்பா வெளிநாட்டில் இருக்கிறார். மாலை வகுப்பில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி உம்மா அனுப்பியிருந்தார். விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். 2⁵ என்ற கணக்குக்கு 10 என்று எழுதியிருந்தான். ஏன் என்று கேட்டேன். "ஈரைந்து பத்துதானே மாமா?" என்றான். வாய்ப்பாடு அவனுக்கு நன்றாகவே தெரிகிறது. ஆனால் சரியான விடை 32.

இரண்டாவதாக வந்தவர் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு சகோதரி. "ஆறு பேரைச் சேர்த்துவிட்டால் போதும், போட்ட பணம் பல மடங்காகத் திரும்பும்" என்று சொன்ன ஒரு திட்டத்தில், கம்மலை அடகு வைத்துப் பணம் கட்டியிருக்கிறார். சொன்னபடி ஆறு பேரையும் சேர்த்துவிட்டார். ஆறு பேரும் அவருடைய சொந்தக்காரர்கள். அவர்களுக்குக் கீழே சேர ஆள் கிடைக்கவில்லை. "பெருநாளைக்குக்கூட ஒருத்தரும் என் வீட்டு வாசலை மிதிக்கல காக்கா" என்று அழுதார்.

இந்த விஷயத்தில் எனக்கும் பங்கு உண்டு. அந்தத் திட்டத்துக்காரர்கள் கூட்டம் போட நம் ஹாலைக் கேட்டபோது, சாவியை எடுத்துக் கொடுத்தவன் நான்தான். "ஆறு பேர்தானே" என்று நானும் நினைத்தேன். கல்லூரியில் கணக்கு படித்தவன் நான். ஒரு தாளை எடுத்து ஐந்து நிமிடம் எழுதிப் பார்த்திருந்தால் அன்றே விளங்கியிருக்கும். எழுதிப் பார்க்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் அந்தப் பையன் செய்த தவறும் நான் செய்த தவறும் ஒன்றுதான். பெருக்கிக்கொண்டே போகும் ஒன்றை, கூட்டிக்கொண்டே போவதாக எடுத்துக்கொண்டோம். அவனுக்குச் சில மதிப்பெண்கள் போயின. பெரியவர்களின் தவறால் நகையும் போனது, உறவும் போனது. அதனால்தான் இந்த இதழில் அடுக்குக் கணக்கைப் பற்றி எழுதுகிறேன். பிள்ளைகளோடு உட்கார்ந்து, பேனாவும் தாளுமாகப் படியுங்கள்.

அடுக்கு என்றால் என்ன?

ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் கூட்டுவதைச் சுருக்கி எழுதுவது பெருக்கல். ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் பெருக்குவதைச் சுருக்கி எழுதுவது அடுக்கு.

2 + 2 + 2 + 2 + 2 = 2 × 5 = 10
2 × 2 × 2 × 2 × 2 = 2⁵ = 32

2⁵ என்பதில் கீழே பெரிதாக இருக்கும் 2 அடிமானம். அதன் தலைமேல் சிறிதாக அமர்ந்திருக்கும் 5 அடுக்கு. படி என்றும் சொல்வார்கள். "இரண்டின் அடுக்கு ஐந்து" என்று வாசிக்க வேண்டும். அந்த ஐந்தை நாம் எதனோடும் பெருக்கப் போவதில்லை. இரண்டை எத்தனை முறை எழுதிப் பெருக்க வேண்டும் என்ற எண்ணிக்கையைத்தான் அது சொல்கிறது. பிள்ளைகள் விரித்து எழுதாமல் மனத்திலேயே போடும்போதுதான் பத்து என்ற விடை வருகிறது. ஆரம்பத்தில் ஒரு மாதத்துக்காவது ஒவ்வொரு கணக்கையும் விரித்து எழுத வையுங்கள்.

இடம் மாறினால் விடையும் மாறும். 2 × 5, 5 × 2 இரண்டும் ஒன்றுதான். ஆனால் 2⁵ என்பது 32. 5² என்பது 25.

அடுக்கு இரண்டுக்கு வர்க்கம் என்றும், அடுக்கு மூன்றுக்குக் கனம் என்றும் பெயர். பத்தடிக்குப் பத்தடி அறையின் பரப்பு 10², அதாவது 100 சதுர அடி. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி ஆழம் உள்ள தொட்டியின் கொள்ளளவு 10³, அதாவது 1,000 கன அடி. மழைநீர்த் தொட்டி கட்டும்போது, "எல்லா அளவையும் இரட்டிப்பாக்கிவிடுங்கள்" என்று கொத்தனாரிடம் சொன்னால், தண்ணீர் இரண்டு மடங்கு பிடிக்காது. 2³, அதாவது எட்டு மடங்கு பிடிக்கும்.

மால் என்ற சொல்லும் கஅப் என்ற சொல்லும்

இந்தக் கணக்கு வளர்ந்த வரலாற்றில் பக்தாதுக்கு முக்கியமான இடம் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த அல்குவாரிஸ்மி, அல்ஜப்ர் என்னும் இயற்கணிதத்தை நூலாக எழுதினார். தெரியாத எண்ணின் வர்க்கத்தை அவர் "மால்" என்று குறிப்பிட்டார். பைத்துல் மால் என்கிறோமே, அதே மால்தான். செல்வம் என்று பொருள். கனத்துக்கு "கஅப்" என்று பெயர். கஅபா என்ற பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான். நீளம், அகலம், உயரம் மூன்றும் கொண்ட வடிவத்தை அது குறிக்கும்.

இரு நூற்றாண்டுகளுக்குப் பின் பக்தாதில் இருந்த அல்கரஜி, இந்தப் பெயர்களையே சேர்த்துச் சேர்த்து மேலே போனார். அடுக்கு நான்குக்கு மால் மால். அடுக்கு ஐந்துக்கு மால் கஅப். அடுக்கு ஆறுக்குக் கஅப் கஅப். கவனித்துப் பாருங்கள். மால் என்றால் இரண்டு, கஅப் என்றால் மூன்று. மாலையும் கஅபையும் பெருக்கினால் 2 + 3 = 5 என்ற அடுக்கு வருகிறது. இன்று பாடப்புத்தகத்தில் "பெருக்கல் விதி" என்று இருப்பது அந்தப் பெயர்களுக்குள்ளேயே இருக்கிறது.

தலைமேல் சிறிய எண்ணைப் போட்டு எழுதும் இன்றைய முறை, பிரான்ஸ் நாட்டு டெகார்ட்டின் 1637-ஆம் ஆண்டு நூலால் பரவியது.

நம் குடும்பத்திலேயே ஓர் அடுக்குக் கணக்கு

நம் ஒவ்வொருவருக்கும் பெற்றோர் இரண்டு பேர். வாப்பாவின் பெற்றோர், உம்மாவின் பெற்றோர் என்று எண்ணினால் நான்கு பேர். அவர்களுடைய பெற்றோர் எட்டுப் பேர். ஒரு தலைமுறை மேலே போனால் இரட்டிப்பாகிறது. அதாவது 2¹, 2², 2³ என்று போகிறது.

பத்துத் தலைமுறை மேலே போனால் 2¹⁰ = 1,024 பேர். இருபது தலைமுறை போனால் 2²⁰ = 10,48,576 பேர். முப்பது தலைமுறை போனால் 2³⁰, அதாவது 107 கோடியே 37 லட்சத்துக்கும் மேல்.

தலைமுறைக்கு இருபத்தைந்து ஆண்டு என்று வைத்தால், முப்பது தலைமுறை என்பது 750 ஆண்டு. அந்தக் காலத்தில் உலகின் மொத்த மக்கள்தொகையே ஐம்பது கோடிக்குள்தான் இருந்தது என்று வரலாற்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அப்படியானால் என் ஒருவனுக்கு மட்டும் 107 கோடி முன்னோர் எங்கிருந்து வந்தார்கள்?

விடை நம் வீட்டிலேயே இருக்கிறது. மாமன் மகளையோ சாச்சா மகளையோ கட்டியவரின் பிள்ளைக்கு, மூன்றாம் தலைமுறையில் எட்டுப் பேர் இருக்க மாட்டார்கள், ஆறு பேர்தான். ஒரு தம்பதியர் இரண்டு பக்கமும் வந்துவிடுவார்கள். இப்படி ஒரே மனிதர்கள் பல வழிகளில் நமக்கு முன்னோராகிறார்கள். எதிர் வீட்டுக்காரருக்கும் அவர்களேதான் முன்னோர். சற்று மேலே போனால் மனிதர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள்தான் என்பதை இந்தச் சின்னக் கணக்கு காட்டிவிடுகிறது.

விதிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை

பாடப்புத்தகத்தில் அடுக்கு விதிகள் பெட்டிக்குள் வரிசையாக இருக்கும். அவற்றை ஓதி ஒப்பிக்கும் பிள்ளைகள்கூடத் தேர்வில் குழம்புகிறார்கள். விரித்து எழுதினால் விதி தானாக வந்துவிடும்.

பெருக்கல்: 2³ × 2⁴. முதலில் மூன்று இரண்டுகள், பிறகு நான்கு இரண்டுகள். எல்லாம் பெருக்கலிலேயே இருப்பதால் மொத்தம் ஏழு இரண்டுகள். விடை 2⁷. அடிமானம் ஒன்றாக இருந்தால் அடுக்குகளைக் கூட்ட வேண்டும். 4⁷ என்று அடிமானத்தையும் பெருக்கிவிடக் கூடாது.

வகுத்தல்: 2⁵ ÷ 2². மேலே ஐந்து இரண்டுகள், கீழே இரண்டு இரண்டுகள். ஜோடி ஜோடியாக அடித்துவிட்டால் மேலே மூன்று மிஞ்சும். விடை 2³. அடுக்குகளைக் கழிக்க வேண்டும்.

அடுக்கின் மேல் அடுக்கு: (2³)⁴. 2³ என்ற கட்டு நான்கு முறை வருகிறது. கட்டுக்கு மூன்று இரண்டுகள் வீதம் நான்கு கட்டுக்குப் பன்னிரண்டு இரண்டுகள். விடை 2¹². இங்கே அடுக்குகளைப் பெருக்க வேண்டும்.

அடுத்ததாகப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி: "2⁰ என்றால் இரண்டை ஒரு முறையும் எழுதவில்லை. அப்படியானால் பூஜ்யம்தானே?" இதற்கு ஒரு பட்டியல் போட்டுக் காட்டுங்கள்.

2⁴ = 16
2³ = 8
2² = 4
2¹ = 2

அடுக்கில் ஒன்று குறையும்போதெல்லாம் விடை பாதியாகிறது. அதே வழியில் இறங்கினால் 2-இன் பாதி 1. எனவே 2⁰ = 1. இன்னும் இறங்கினால் 2⁻¹ = ½, 2⁻² = ¼, 2⁻³ = ⅛. அடுக்கில் கழித்தல் குறி இருந்தால் விடை கழித்தல் எண் ஆகிவிடாது; அது பின்னம் ஆகும். பூஜ்யம் தவிர எந்த எண்ணை அடிமானமாக வைத்தாலும் அடுக்கு பூஜ்யத்துக்கு விடை 1.

ஒன்றை நடுவில் வைத்து, ஒரு பக்கம் பெருகும் அடுக்குகளையும் மறுபக்கம் சுருங்கும் அடுக்குகளையும் வரிசைப்படுத்தி அட்டவணை போட்டவர், பக்தாதைச் சேர்ந்த அஸ்ஸமவ்அல் என்ற பன்னிரண்டாம் நூற்றாண்டு அறிஞர். கட்டங்களை எண்ணியே பெருக்கலையும் வகுத்தலையும் செய்யலாம் என்று அவர் விளக்கினார். அந்த நூலை எழுதும்போது அவருக்கு வயது பத்தொன்பது. நம் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரியில் சேரும் வயது.

மதிப்பெண் போகும் மூன்று இடங்கள்

மாலை வகுப்பில் பார்த்துவந்ததில், இந்த மூன்று இடங்களில்தான் பிள்ளைகள் அதிகமாகத் தவறுகிறார்கள்.

ஒன்று, கழித்தல் குறி. (−3)² என்றால் (−3) × (−3), விடை 9. அடைப்புக்குறி இல்லாமல் −3² என்று இருந்தால் அடுக்கு மூன்றுக்கு மட்டும்தான், விடை −9. அடைப்புக்குறியைக் கவனிக்காமல் விடுவதால்தான் இந்தத் தவறு வருகிறது.

இரண்டு, கூட்டல். 2³ + 2⁴ என்றால் 8 + 16 = 24. நடுவில் கூட்டல் குறி இருக்கும்போது அடுக்குகளைத் தொடக் கூடாது. 2⁷ என்று எழுதினால் 128 ஆகிவிடும்.

மூன்று, அடைப்புக்குறிக்குள் கூட்டல். (2 × 5)² என்பதை 2² × 5² என்று பிரிக்கலாம், இரண்டும் 100-தான். ஆனால் (2 + 5)² என்பதை 2² + 5² என்று பிரிக்க முடியாது. முதலாவது 49, இரண்டாவது 29.

சதுரங்கப் பலகையும் அல்பிரூனியும்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு கல்லிகான் தமது வாழ்க்கை வரலாற்றுத் தொகுப்பில் எழுதியிருக்கும் ஒரு கதை பலருக்கும் தெரிந்திருக்கும். இந்திய மன்னர் ஒருவருக்காக ஓர் அறிஞர் சதுரங்க ஆட்டத்தை உருவாக்கினார். என்ன வேண்டும் என்று மன்னர் கேட்டார். பலகையின் முதல் கட்டத்துக்கு ஒரு கோதுமை மணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று 64 கட்டங்களுக்கும் இரட்டித்துத் தந்தால் போதும் என்றார் அறிஞர். இவ்வளவுதானா என்று மன்னர் நினைத்தார். களஞ்சியத்தில் கணக்குப் போட்டபோதுதான் கொடுக்கவே முடியாத அளவு என்று தெரிந்தது.

இந்தக் கூட்டுத்தொகையைச் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அல்பிரூனி (973–1048) துல்லியமாகக் கணக்கிட்டு எழுதியிருக்கிறார். 64 கட்டங்களின் மொத்தம் 2⁶⁴ − 1. எண்ணாக எழுதினால் 1,84,46,74,40,73,70,95,51,615. கால்குலேட்டர் இல்லாத காலத்தில் இதை எப்படிப் போட்டார்கள்? 63 முறை இரட்டிக்கத் தேவையில்லை. வர்க்கத்தை மறுபடி வர்க்கமாக்கிக்கொண்டே போனால் போதும்.

2² = 4
4² = 16, இது 2⁴
16² = 256, இது 2⁸
256² = 65,536, இது 2¹⁶

இன்னும் இரண்டு முறை வர்க்கமாக்கினால் 2³², பிறகு 2⁶⁴. ஆறே பெருக்கல். அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் விடை. அடுக்கின் மேல் அடுக்கு வந்தால் பெருக்க வேண்டும் என்ற விதி இங்கேதான் கைகொடுக்கிறது. பெருக்கல்கள் நீளமானவை, பொறுமை வேண்டும். ஆனால் வழி எளிமையானது.

எவ்வளவு பெரிய எண் இது? கோதுமைக்குப் பதிலாக நம்மூர் அரிசியை வைத்துப் பார்ப்போம். ஓர் அரிசி சுமார் 20 மில்லிகிராம் என்று வைத்தால், அது 2 × 10⁻⁵ கிலோ. மொத்த மணிகள் சுமார் 1.8 × 10¹⁹. இரண்டையும் பெருக்கினால், முன்னால் உள்ள எண்கள் 3.6 ஆகும்; அடுக்குகள் 19 − 5 = 14. அதாவது 3.6 × 10¹⁴ கிலோ. ஒரு டன் என்பது 10³ கிலோ என்பதால் 3.6 × 10¹¹ டன். இந்தியா முழுவதும் ஓராண்டில் விளையும் அரிசி சுமார் பதினைந்து கோடி டன், அதாவது 1.5 × 10⁸. வகுத்தால் 2.4 × 10³. நாடு முழுவதும் சுமார் 2,400 ஆண்டுகள் விளைவித்தால்தான் அந்தப் பலகை நிறையும்.

ஒன்பதாம் வகுப்பில் "அறிவியல் குறியீடு" என்று படிப்பது இதைத்தான். இலட்சம் என்பது 10⁵, கோடி என்பது 10⁷ என்று தெரிந்துவிட்டால், பூஜ்யங்களை எண்ணித் தடுமாற வேண்டியதில்லை. கைப்பேசி வாங்கும்போது 64, 128, 256 ஜிபி என்று சொல்கிறார்களே, அவையும் 2⁶, 2⁷, 2⁸ தான்.

கூட்டுவட்டி செய்யும் வேலை

வட்டியைப் பற்றிய மார்க்கச் சட்டம் வாசகர்களுக்குத் தெரியும். நான் இங்கே கணக்கை மட்டும் சொல்கிறேன். ஏனென்றால் சட்டம் தெரிந்தவர்களும் அவசரத்துக்கு வாங்கிவிட்டு, பிறகு எங்களிடம் வந்து நிற்கிறார்கள்.

"நூற்றுக்கு மூன்று வட்டிதான்" என்பார்கள். மாதம் மூன்று ரூபாய் பெரிதாகத் தெரியாது. பத்தாயிரம் வாங்கினால் மாதம் 300. ஐந்து ஆண்டுக்கு, அதாவது 60 மாதத்துக்கு 18,000. அசலோடு 28,000 என்றுதான் மனத்துக்குள் கணக்குப் போடுகிறோம். இது தனிவட்டி. இதில் கூட்டல்தான் இருக்கிறது.

கட்டாமல் விட்ட வட்டி அசலோடு சேர்ந்தால் கணக்கே வேறு. முதல் மாதம் 10,300. இரண்டாம் மாதம் வட்டி 300 இல்லை, 309. ஒவ்வொரு மாதமும் முந்தைய தொகை 1.03-ஆல் பெருகுகிறது. ஓராண்டில் (1.03)¹² மடங்கு, சுமார் 14,258 ரூபாய். இரண்டு ஆண்டில் (1.03)²⁴ மடங்கு, 20,328. ஐந்து ஆண்டில் (1.03)⁶⁰ மடங்கு, 58,916 ரூபாய். நாம் நினைத்த 28,000-த்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

எத்தனை மாதத்தில் கடன் இரட்டிப்பாகும் என்று அறிய ஒரு சுருக்கு வழி உண்டு. 72-ஐ வட்டி வீதத்தால் வகுக்க வேண்டும். மூன்று வட்டிக்கு 72 ÷ 3 = 24 மாதம். ஆறு வட்டிக்குப் பன்னிரண்டே மாதம். இது தோராயக் கணக்குதான், ஆனாலும் கையெழுத்துப் போடும் முன் இதைப் போட்டுப் பாருங்கள். அடகு நகையை வட்டி கட்டாமல் மாற்றி மாற்றி வைக்கும்போதும், பழைய வட்டி புதிய கடனில் ஏறி இதே வேலையைத்தான் செய்கிறது. அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது.

ஆறு பேர், ஆறு பேராக

இப்போது அந்தச் சகோதரி மாட்டிக்கொண்ட திட்டத்துக்கு வருகிறேன். ஒருவர் ஆறு பேரைச் சேர்க்க வேண்டும். அந்த ஆறு பேரும் தலைக்கு ஆறு பேரைச் சேர்க்க வேண்டும். சாவியைக் கொடுப்பதற்கு முன் நான் எழுதிப் பார்த்திருக்க வேண்டிய தாள் இதுதான்.

முதல் வரிசை: 6
இரண்டாம் வரிசை: 6² = 36
மூன்றாம் வரிசை: 6³ = 216
நான்காம் வரிசை: 6⁴ = 1,296
ஐந்தாம் வரிசை: 6⁵ = 7,776
ஆறாம் வரிசை: 6⁶ = 46,656
ஏழாம் வரிசை: 6⁷ = 2,79,936
எட்டாம் வரிசை: 6⁸ = 16,79,616
ஒன்பதாம் வரிசை: 6⁹ = 1,00,77,696
பத்தாம் வரிசை: 6¹⁰ = 6,04,66,176

ஆரம்பித்தவரையும் சேர்த்து மொத்தம் 7,25,59,411 பேர். 2011 கணக்கெடுப்பின்படி கைக்குழந்தையிலிருந்து முதியவர் வரை தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030. பத்தே வரிசையில் தமிழ்நாடு முடிந்துவிட்டது. பதின்மூன்றாம் வரிசைக்கு 6¹³, அதாவது 1,306 கோடிப் பேர் வேண்டும். உலகத்தில் இருப்பதே எண்ணூறு கோடியைச் சற்றுத் தாண்டிய மக்கள்தான்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. திட்டம் எந்த வரிசையில் நின்றாலும், கடைசி வரிசையில் இருப்பவர்கள் மொத்தத்தில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு. மேலே உள்ள கணக்கில் ஏழேகால் கோடியில் ஆறு கோடிப் பேர் கடைசி வரிசையில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை. கட்டிய பணம் மேலே போய்விட்டது. "சீக்கிரம் சேர்ந்தால் லாபம்" என்று சொல்வார்கள். சீக்கிரம் சேர்ந்தவரின் லாபம் என்பது, அவர் கூட்டிவந்த சொந்தக்காரர்களின் நஷ்டம்தான். ஒருவர் நல்லவரா கெட்டவரா என்பதில் இல்லை விஷயம். நல்ல மனிதர்களே நடத்தினாலும் விடை இதுவாகத்தான் இருக்கும்.

"நம் பெண்கள் போடும் சீட்டும் இப்படித்தானா?" என்று சிலர் கேட்டார்கள். இல்லை. இருபது பேர், இருபது மாதம் என்று சீட்டில் ஆள் எண்ணிக்கை முதலிலேயே முடிவாகிவிடுகிறது. புதிய ஆள் வந்தால்தான் பணம் கிடைக்கும் என்ற நிலை அதில் கிடையாது. சீட்டு நடத்துபவர் நம்பிக்கையானவரா, பதிவு செய்தவரா என்று பார்க்க வேண்டும். அது வேறு கவலை. ஆள் சேர்த்தால்தான் பணம் என்றால், அங்கே அடுக்குக் கணக்கு வந்துவிட்டது என்று பொருள். இப்படிப்பட்ட பணச் சுழற்சித் திட்டங்களை 1978-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்கிறது. நடத்துவது மட்டுமின்றி, உறுப்பினராகச் சேருவதும் அந்தச் சட்டத்தின்படி தடை செய்யப்பட்டதே.

வீட்டில் செய்ய வேண்டியது

அந்தச் சகோதரியின் ஆறு உறவினர்களையும் ஒரு நாள் அழைத்து, இதே தாளை அவர்கள் முன் வைத்து, ஹாலைக் கொடுத்தது என் தவறு என்பதையும் சொன்னேன். அவர் யாரையும் ஏமாற்றவில்லை, கணக்குத் தெரியாமல் அவரும் ஏமாந்தார் என்பது அவர்களுக்கு விளங்கியது. நான்கு பேர் அவரோடு பேசத் தொடங்கிவிட்டார்கள். இன்னும் இரண்டு பேர் பாக்கி. இன்ஷா அல்லாஹ், அதுவும் சரியாகும். பணம் கேட்டு நடத்தும் எந்தக் கூட்டத்துக்கும் இனி ஹாலைக் கொடுப்பதில்லை என்று நிர்வாகக் குழுவில் முடிவெடுத்திருக்கிறோம்.

அந்தத் தாளில் இருந்த கணக்கைப் போட்டது யார் தெரியுமா? "ஈரைந்து பத்துதானே" என்று கேட்ட அதே பையன். ஆறு ஆறாகப் பெருக்கி, பத்தாம் வரிசை வரை அவனே எழுதினான். ஏழாம் வரிசையிலேயே நிமிர்ந்து பார்த்து, "மாமா, நம்ம ஊர்ல இத்தனை பேர் கிடையாதே" என்றான்.

பிள்ளைகளுக்குச் சில கணக்குகள் கீழே. விரித்து எழுதிச் செய்யவும்.

1. 3⁴ × 3²
2. 5⁷ ÷ 5⁵
3. (−2)⁴, −2⁴ இரண்டும் தனித்தனியாக
4. 4⁻²
5. 2³ + 2³ (விடையை இரண்டின் அடுக்காகவும் எழுதுக)
6. ஒருவர் மூன்று பேரைச் சேர்க்கும் திட்டத்தில் ஏழாம் வரிசையில் எத்தனை பேர்?

விடைகள்: 1) 729, 2) 25, 3) 16, −16, 4) 1/16, 5) 16, அதாவது 2⁴, 6) 2,187.

ஆறாவது கணக்கைப் பெற்றோர்களும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மாலை வகுப்பு நேரத்தில் பிள்ளையோடு அலுவலகத்துக்கு வரலாம். யாராவது ஒரு திட்டத்தின் நோட்டீஸை நீட்டினால், அதையும் எடுத்து வாருங்கள். தாளும் பேனாவும் இங்கே இருக்கின்றன. கட்டிய பிறகு வருவதைவிட, கட்டும் முன் வருவது நல்லது.

வஸ்ஸலாம்.

செயலாளர்